நாலு பேருக்கு ஒரு நாடி

கல்லூரியில் படித்த யாருக்கும் ப்ராக்ஸி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வராதவளுக்காக வந்தவள் குரல் கொடுப்பது. இளங்கலை படித்த மூன்று வருடத்தில் நான் ஏழு விதமான குரலில் ‘எஸ் மேடம்’ சொல்லியிருக்கிறேன். ஜலதோஷம் பிடித்த நாளில்கூட இரண்டு குரல் கைவசம் இருந்தது. அதைத் தப்பு என்று நாங்கள் நினைத்ததில்லை. செய்யாதவளைத்தான் ஒரு மாதிரி பார்ப்போம். ஆகவே 2039இல் சீக்கு வந்து விடுதிக் கதவுகளைப் பூட்டி, பல்கலைக்கழகம் எங்கள் மனசுக்கும் அட்டெண்டன்ஸ் எடுக்க ஆரம்பித்தபோது நாங்கள் என்ன செய்திருப்போம் என்று உங்களால் ஊகிக்க முடியும்.

சீக்குக்கு அரசாங்கம் எண்ணும் எழுத்துமாக ஒரு பெயர் வைத்திருந்தது. திருநெல்வேலிப் பக்கம் யாரும் அதைச் சொல்லிப் பழகவில்லை. எங்கள் வளாகத்துக்குள் அது நுழையவே இல்லை. நுழையக் கூடாது என்பதற்காக எங்களை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். நாலைந்து பேருக்கு ஒரு தளம். தளத்துக்குள் யாரும் யாரோடும் பழகலாம், மொட்டைமாடிக்குப் போகலாம். அடுத்த தளத்துக்காரியோடு ஜன்னல் வழியாகத்தான் பேச வேண்டும்.

ஜூலையில் பட்டை வந்தது. ரப்பர் வளையலுக்குள் ஒரு சின்னத் திரை. கொண்டுவந்தவர் மாணவர் மனநலத்துக்குப் பொறுப்பான டாக்டர் அற்புதமணி. ஐம்பது வயதுக்காரர். எதையும் இரண்டு தடவை சொல்லாதவர்.

“மேடம், இது சந்தோஷத்தையா அளக்குது?” என்று கேட்டேன். நான் புள்ளியியல் முதுகலை. எதை அளக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

“சந்தோஷம் இல்லம்மா. தாங்குற சக்தி. நாடி, வேர்வை, தூக்கம், பேசுற குரல், எல்லாத்தையும் சேர்த்து நூத்துக்கு ஒரு நம்பர் போடும். மூணு நாள் சராசரி. தெம்புன்னு பேர் வச்சிருக்கோம்.”

“நாப்பதுக்குக் கீழ போனா?”

“வீட்டுக்கு அனுப்பிருவோம். குடும்பத்தோட இருந்தா சீக்கிரம் சரியாகும். பட்டையக் காட்டினா கேட் தானாத் திறக்கும். ஆனா போனவங்க இந்த வருஷம் திரும்பி வர முடியாது.”

“மத்தபடி வெளிய போகணும்னா?”

“முடியாது. கல்யாணம், காதுகுத்து, துக்கம், எதுக்கும் கிடையாது. போன தடவை துக்கத்துக்குப் போன ஒன்பது பேர் சீக்கு வாங்கிட்டாங்க. இப்ப வெளிய போக ஒரே வழி நாப்பதுக்குக் கீழ போறதுதான்.”

“அப்ப பரீட்சை?”

“அடுத்த வருஷம்,” என்றார். ஆறுதல் போலத்தான் சொன்னார்.

அடுத்த வருஷம் என்பது எங்கள் வீடுகளில் வராத வருஷம். இது எங்களுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியவில்லை. எங்கள் தளத்தில் ஐந்து பேர். முதலில் போனவள் உலகம்மை. முப்பத்தெட்டு காட்டியது. பெட்டியோடு கீழே இறங்கினாள். ஆறாவது வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை அனுப்பினாள். அதற்குக் கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அந்தப் பத்திரிகையைப் பார்த்த அன்றைக்கு எங்கள் எல்லார் தெம்பும் நாலைந்து புள்ளி இறங்கியது. ரஹ்மத் நிஷா நாற்பத்து மூன்று. அவள் படிப்பை நிறுத்த ஒரு பெரியப்பா வீட்டில் காத்துக்கொண்டிருந்தார். ஜெபக்கனி நாற்பத்தைந்து. நான் நாற்பத்தாறு.

இசக்கி மட்டும் எண்பத்தாறு.

இசக்கியம்மாள் தாவரவியல். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்து ஊர். ஜோக்கைச் சொல்லி முடிக்கும் முன்பே சிரித்துவிடுவாள். அதனால் அவள் சொன்ன ஒரு ஜோக்கின் முடிவும் எனக்குத் தெரியாது. அவளாகத்தான் கேட்டாள்.

“ஏட்டி, இது யார் கையில இருக்குன்னு அதுக்குத் தெரியுமா?”

“தெரியாது. தோலும் நாடியும் இருந்தாப் போதும்,” என்றேன். கழற்றிப் பார்த்துச் சோதித்திருந்தேன்.

“அப்பம் குடுங்கட்டி மூணயும். நான் ப்ராக்ஸி போடுதேன்.”

கையில் இரண்டு, முழுக்கைச் சட்டைக்குள். காலில் இரண்டு, சாக்ஸுக்குள். மூன்றே நாளில் நாங்கள் நாலு பேரும் எண்பத்தைந்தில் நின்றோம். ரஹ்மத் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பட்டை கையில் இல்லாததால் நிம்மதியாக அழ முடிந்தது.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லத்தான் வேண்டும்.

நாங்கள் இசக்கியைக் கறவை மாட்டைப் போலக் கவனிக்க ஆரம்பித்தோம். காலையில் அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் பல் தேய்ப்போம். ஊறுகாயில் பெரிய துண்டு அவளுக்கு. அவள் துணியை ஜெபக்கனி அலசினாள். செய்திச் சேனல் இருக்கும் திசைக்கே போவதில்லை. எங்களுக்குள் சண்டை வந்தால் மொட்டைமாடிக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டுச் சிரித்த முகத்தோடு இறங்குவோம். ரஹ்மத்தின் மாமா சீக்கில் இறந்தபோது அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இசக்கி கேட்டதற்கு, கண்ணில் சோப்பு போய்விட்டது என்றாள்.

பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் பாசம் எங்கே முடிந்து பயம் எங்கே ஆரம்பித்தது என்று அப்போது கேட்டிருந்தால் எங்களுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. தெம்பை எல்லாரும் பார்க்க ஒரு செயலி இருந்தது. சராசரியோடு அந்த நிமிஷத்து எண்ணையும் காட்டும். நான் ஒரு நாளைக்கு நாற்பது தடவை அதைத் திறந்தேன்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள். “ஏன்ட்டி, இப்பெல்லாம் எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டுக்கீங்க?”

“சொல்ல என்ன இருக்கு? எல்லாம் நல்லாத்தான இருக்கு,” என்றேன்.

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். எண்பத்து நாலு. எண்பத்து மூன்று. ஜெபக்கனி சட்டென்று வார்டனைப் போல நடந்து காட்டினாள். இசக்கி சிரித்தாள். எண்பத்தைந்து. நாங்கள் மூச்சு விட்டோம்.

நவம்பரில் தகுதிப் பட்டியல் அறிவித்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு யார் யாருக்கு நாற்பதுக்கு மேல் இருக்கிறதோ அவர்கள் பரீட்சை எழுதலாம். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் எனக்கு ஒரு போன் வந்தது. இசக்கியின் அண்ணன் ஐயம்பெருமாள்.

“முப்புடாதியாம்மா? அம்மாவ ஆஸ்பத்திரில சேத்திருக்கு. சீக்குதான். ஆக்சிஜன் வச்சிருக்காவ. இப்பம் பேசுதா. நாளைக்கி எப்படின்னு சொல்ல முடியாதுன்னுட்டாவ. தங்கச்சிக்கு நேரடியாச் சொன்னா பயந்துருவா. நீ பக்கத்துல இருக்கவ. பக்குவமா எடுத்துச் சொல்லி அம்மாட்ட பேசச் சொல்லுமா.”

எங்கள் பக்கம் வழக்கம் இது. கெட்ட செய்தியைச் சம்பந்தப்பட்டவர் காதில் நேராகப் போட மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்கு, சிநேகிதிக்கு, மளிகைக் கடைக்காரருக்குச் சொல்வார்கள். அவர் வந்து, தண்ணீர் குடிக்க வைத்து, உட்கார வைத்துச் சொல்வார். சரி அண்ணே என்றேன். போனை வைத்ததும் என் கை செயலியைத் திறந்தது. எண்பத்தாறு.

மொட்டைமாடியில் கூடினோம்.

“சொல்லித்தான் ஆவணும்,” என்றாள் ரஹ்மத். சொல்லிவிட்டு அவளே, “சொன்னா வெள்ளிக்கெழமைக்குள்ள நாலு பேருக்கும் முப்பதுக்கு வந்துரும்,” என்றாள்.

“வெள்ளிக்கெழம அஞ்சு மணி அடிச்ச அடுத்த நிமிசம் சொல்லிருவோம்,” என்றாள் ஜெபக்கனி. “அவளும் பரீட்ச எழுதணும்லா? அவளுக்கும் நல்லதுதான்.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கணக்குச் சொன்னேன். அந்த வயதில் ஆக்சிஜன் வைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு எழுபத்தெட்டு பேர் பத்து நாளில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள் என்றேன். எண்களை வைத்து எப்படிப் பொய் சொல்கிறார்கள் என்று எங்கள் துறையில் ஒரு பாடமே உண்டு. அதில் நான்தான் முதல் மதிப்பெண்.

புதன்கிழமை ஐயம்பெருமாள் அண்ணன் மறுபடி கூப்பிட்டார். “சொல்லிட்டியாம்மா?”

“சொல்லிட்டேன் அண்ணே. அழுதுக்கிட்டு இருக்கா. செத்த நேரம் கழிச்சிப் பேசுவா.”

இதை நான் எந்தக் குரலில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. என்னிடம் இருந்த ஏழில் ஒன்று இல்லை. அறைக்குள் எட்டிப் பார்த்தேன். இசக்கி போர்வைக்குள் போனோடு படுத்திருந்தாள். படம் பார்க்கிறாள் என்று நினைத்தேன். செயலியில் எண்பத்தைந்து. என் மனசு சமாதானம் ஆகிவிட்டது. அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இறங்கியிருக்கும் அல்லவா?

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு மூன்றாவது போன்.

“அம்மா போயிட்டாம்மா,” என்றார். பின்னால் லாரி போகும் சத்தம். “நான் ஒங்க கேட்டுக்கு வெளியதான் நிக்கேன். சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள எடுத்துருவாவளாம். அதுக்கு முன்ன கண்ணாடி வழியா முகம் பாத்துக்கலாமாம். அவள அனுப்பி வைம்மா.”

நான் இசக்கியின் அறைக்குப் போனேன். ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொண்டுதான் போனேன். கதவு திறந்திருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நாலு பட்டையையும் கழற்றி மேஜைமேல் வரிசையாக வைத்திருந்தாள்.

“அம்மா போயிட்டாளா?” என்றாள்.

“காலைல ஏழு மணிக்கு மேல எடுக்கல. நர்ஸக்கா போனும் அடிச்சிக்கிட்டே இருக்கு. செத்துட்டாளாட்டி?”

“ஒனக்கு... ஒனக்குத் தெரியுமா?”

“அம்மாதான் கூப்ட்டா. திங்கக்கெழமையே. அண்ணன்கிட்டச் சொல்லாதன்னா. அவன் ரொம்பப் பயந்து போயிருக்கானாம்.”

அந்த நேரத்தில் நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? எத்தனையோ கேட்டிருக்கலாம். என் வாயில் வந்தது இதுதான்: “எண்பத்தஞ்சு காட்டிச்சேட்டி!”

இசக்கி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. புரியாத பாஷையில் யாரோ பேசியதைக் கேட்ட மாதிரி பார்த்தாள்.

“அதையா பாத்துக்கிட்டு இருந்த? நான் ஒன் கண்ணு முன்னதானட்டி இருந்தேன்.”

நான் டம்ளரை மேஜைமேல் பட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“மூணு நாளும் பேசிக்கிட்டே இருந்தோம்,” என்றாள். “எங்கம்மா எங்கிட்ட இத்தன பேச்சு பேசுனதே இல்ல. எங்கப்பா பொண்ணு பாக்க வந்தன்னிக்கி மாவாட்டிக்கிட்டு இருந்தாளாம். கையெல்லாம் மாவு. அப்பிடியே போயி நின்னாளாம். அதச் சொல்லி அவளுக்கு மூச்சு வாங்குது, சிரிக்கா. நானும் சிரிக்கேன். அந்த நேரமெல்லாம் எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. பட்டை பொய் சொல்லலட்டி. பேசி முடிச்சி போனை வச்ச பொறவுதான் தாங்க முடியல. அப்பமெல்லாம் பட்டையக் கழட்டி வச்சிருவேன். நீ வந்து சொல்லுவன்னு இருந்தேன். அண்ணன் ஒன்னத்தான் கூப்பிட்டான்னு அம்மா சொல்லிட்டா. செவ்வாய்க்கெழம சாயந்தரம் வருவன்னு பாத்தேன். புதங்கெழம பாத்தேன். நீ சொன்னதும் எல்லாருமாச் சேந்து அழுவோம்னு... எனக்குத் தனியா அழத் தெரியலட்டி.”

அப்போதுதான் அவள் அழுதாள். ரஹ்மத்தும் ஜெபக்கனியும் ஓடி வந்தார்கள். நாங்கள் சேர்ந்து அழுததில் அவளுக்கு ஆறுதல் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இருந்தது. அதுவும் வெட்கமாகத்தான் இருந்தது.

அழுது முடித்தபோது மணி பன்னிரண்டு. டாக்டர் அற்புதமணி அறைக்கு நாலு பேரும் ஓடினோம். தளம் விட்டுத் தளம் போகக் கூடாது என்று ஒலிபெருக்கி கத்தியது. கத்தட்டும் என்று விட்டுவிட்டோம்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். கணினியில் இசக்கியின் பெயரைத் தட்டினார். “மூணு நாள் சராசரி எண்பத்தஞ்சு. எண்பத்தஞ்சுக்கு நான் எப்படிம்மா கேட் திறக்க முடியும்? இனிமே இறங்கும். நாப்பதுக்கு வர ரெண்டு நாள் ஆகும்.”

“என் பட்டைய வச்சித் திறங்க மேடம்,” என்றேன். சொல்லும்போதே புரிந்துவிட்டது. என் பட்டையிலும் எண்பத்தைந்துதான். ரஹ்மத்தின் பட்டையிலும் ஜெபக்கனியின் பட்டையிலும் அதுவே. நாலு பேர் கையிலும் இசக்கியின் மூன்று நாள்தான் இருந்தது. அவளை வெளியே விடாமல் பூட்டியது நாங்கள்தான்.

“மேடம், அது ப்ராக்ஸி,” என்று உடைத்தாள் ரஹ்மத். “நாலும் இவ போட்டிருந்தா. செப்டம்பர்ல இருந்து.”

டாக்டர் அதிர்ச்சி அடையவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தெரியும். நாலு பேருக்கும் ஒரே நாடி, ஒரே நேரத்துல தும்மல். முதல் வாரமே தெரியும்.”

“அப்ப ஏன் மேடம் சும்மா இருந்தீங்க?” இசக்கிதான் கேட்டாள்.

“விடுதியோட சராசரி நல்லா இருந்துச்சு. மேல இருந்து பாராட்டி லெட்டர் வந்துச்சு. ஒரு பொண்ணு நாலு பேரைத் தாங்குறா, தாங்கட்டும்னு நினைச்சேன். யாருக்கும் நஷ்டம் இல்லன்னு நினைச்சேன்.” இரண்டு தடவை சொல்லாதவர், ‘நினைச்சேன்’ என்பதை மறுபடியும் ஒரு முறை மெதுவாகச் சொன்னார்.

பிறகு ஒரு தாளை எடுத்தார். “ப்ராக்ஸின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்கன்னா இந்த எண் செல்லாது. ஆனா நாலு பேரும் பட்டியல்ல இருந்து போயிருவீங்க. யோசிச்சுப் போடுங்க.”

ரஹ்மத் முதலில் போட்டாள். அவள் பெரியப்பாவை எனக்குத் தெரியும். அந்தக் கையெழுத்து எவ்வளவு பெரியது என்றும் தெரியும். அடுத்து ஜெபக்கனி, நான், கடைசியாக இசக்கி. அந்த வருஷம் நாங்கள் நாலு பேரும் பரீட்சை எழுதவில்லை. அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்வதற்கில்லை.

டாக்டர் தாளை மேலே அனுப்பினார். திரையில் பதில் வந்தது: பரிசீலனையில் உள்ளது, நாளைக் காலை பத்து மணிக்குள் முடிவு தெரிவிக்கப்படும்.

“அஞ்சு மணிக்கு எடுத்துருவாவ மேடம்,” என்றாள் இசக்கி. கெஞ்சவில்லை. மணி சொல்வது போலச் சொன்னாள்.

மணி ஒன்றேகால். சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம். டாக்டர் மறுபடி விசைப்பலகையில் கை வைத்தார். என்னால் தாங்க முடியவில்லை. “மேடம், ஸ்கிரீனப் பாக்காதீங்க. அவளப் பாருங்க,” என்று கத்திவிட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் எனக்கே அது தெரிய வந்திருந்தது.

டாக்டர் திரும்பி இசக்கியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “வா” என்று மட்டும் சொன்னார்.

கேட் வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போனோம். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் ஐயம்பெருமாள் அண்ணன் பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கையைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கீழே போட்டுவிட்டார். காவலாளி குறுக்கே வந்தார். “ரூல் மேடம். மிஷின் திறந்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மிஷின் திறக்கணும்.”

“மிஷின் பேர் கேக்குமா?” என்றார் டாக்டர்.

“பேர் எல்லாம் கேக்காது மேடம். நம்பர் மட்டுந்தான்.”

ஊழியர்களுக்கும் பட்டை உண்டு. அவர்களுடைய எண்ணை எந்தச் செயலியும் காட்டாது. யாரும் பார்ப்பதும் இல்லை. டாக்டர் அற்புதமணி சேலைத் தலைப்பை ஒதுக்கி, தன் கையில் இருந்த பட்டையைக் கழற்றினார். இசக்கியின் கையில் மாட்டி, அந்தக் கையைப் பிடித்துக் கேட்டின் கண்ணாடியில் வைத்தார்.

மேலே இருந்த திரையில் எண் பெரிதாக விழுந்தது. பத்தொன்பது. பச்சை விளக்கு. கேட் திறந்தது.

இசக்கி எண்ணைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“போம்மா, நேரம் ஆகுது,” என்றார் டாக்டர். இசக்கி ஓடினாள். பைக் திரும்பிச் சாலையில் ஏறும் வரை நாங்கள் நின்றோம். கேட் மூடிக்கொண்டது. காவலாளி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அசையாமல் நின்றார். பட்டை இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. நூற்றுக்குப் பத்தொன்பதோடு இந்த அம்மாள் தினமும் காலை எட்டு மணிக்கு வந்து எங்கள் எல்லார் எண்களையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனை நாளாக என்று கேட்கலாம் என்று நினைத்தேன். அதுவும் ஒரு எண்தான் என்று விட்டுவிட்டேன்.

“மேடம், சாப்டீங்களா?” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கேள்வி புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“இன்னிக்கா?” என்று கேட்டார்.